பதினேழாம் வரிக்குப் போட்ட சரி

பரீட்சைகளில் நான் ஒருபோதும் தவறியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது, சலரோகம் இருக்கிறதென்று வைத்தியரிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறேன். தவறிப் பழகாத ஒருவனிடம் தவறுகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை என் மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாண நகரில், கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் கந்தோரில் நான் இலிகிதன். கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "தற்காலிகமா இருக்கிறன்" என்று பதில் வைத்திருந்தேன். அந்தத் தற்காலிகம் அப்போது ஒன்பதாவது வருடத்தில் இருந்தது. நாங்கள் அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர், பரம்பரைச் சைவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீன் மணத்துக்கு ஒரு கையால் கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு மறுகையால் பதிவேடு எழுதியவன் நான். கவுண்டரின் மறுபுறம் நின்ற மனிதர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டவற்றின் பட்டியலில் அது முதலாவது மட்டுமே.

சங்கத்தின் பெரிய தலையிடி எஞ்சின். வள்ளங்களுக்குப் பூட்டும் எஞ்சின்கள் வெளிநாட்டு உதவியாக இடைக்கிடை பத்துப் பன்னிரண்டு வரும். உறுப்பினர்களோ இருநூறுக்கு மேல். யாருக்கு முதலில் என்பதற்கு ஒரு வரிசை இருந்தது. அது தலைமை இலிகிதரின் கொப்பியில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பென்சில் எழுத்து இடம் மாறக்கூடியது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒவ்வொரு தொகுதி வரும்போதும் கந்தோர் வாசலில் சண்டை. கடைசியில் எங்கள் முகாமையாளர் ஒரு முடிவுக்கு வந்தார். வரிசையை ஒரு கொம்பியூட்டர் வைத்திருக்கட்டும். அதற்கு மச்சானும் இல்லை, சம்பந்தியும் இல்லை.

பழைய கடதாசிகள் அடுக்கிக் கிடந்த களஞ்சிய அறைக்கு வெள்ளையடித்து, குளிர் காற்று வரும் பெட்டி பூட்டி, அங்கே அதை வைத்தார்கள். கோவிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். முதல் நாளே தலைமை இலிகிதர் அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். கற்பூரமும் கொளுத்தப் பார்த்தார். புரோகிராம் எழுத வந்திருந்த கொழும்புப் பிள்ளை, புகை ஆகாது என்று கெஞ்சித் தடுத்தார்.

அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. பெற்றோர் யாழ்ப்பாணம், வளர்ந்தது கொழும்பு. என்னிடம் வந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணை, நான் எழுதின புரோகிராமை நானே சோதிச்சால் என்ரை பிழை என்ரை கண்ணுக்குத் தெரியாது. நீங்கள்தான் சோதிக்க வேணும். ஆனா உடனை போய்த் தட்டக் கூடாது. முதல்லை ஒரு திட்டம் எழுதித் தாங்கோ. என்னத்தைக் குடுக்கப் போறீங்கள், என்ன வரவேணும், என்ன வந்தது, சரியோ பிழையோ. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?" என்றேன். ஒரு பட்டதாரியின் முழு ஏளனமும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ஒரு வாரம் இருந்து பதினொரு பக்கம் எழுதினேன். தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன்பின், மனிதன் கூழாங்கல்லை வைத்து எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடும் பொறிகளின் வரலாறு. பிறகு சங்கத்தின் வரலாறு. முகாமையாளருக்கு நன்றி. பிள்ளை அதை நின்றபடியே புரட்டினார்.

"அண்ணை, ஒன்பதாம் பக்கத்திலை இருந்துதான் சோதனை துவங்குது."

"முன்னுக்குள்ளது அத்திவாரம், தம்பி."

"அத்திவாரத்துக்கு மேலை வீடு கொஞ்சம் சின்னனா இருக்குது."

அந்தச் சின்ன வீட்டையாவது மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். "உங்கடை திட்டத்திலை ஒருத்தரும் பிழை விடேல்லை. எல்லாரும் சரியான இலக்கம் தருகினம், சரியான திகதி தருகினம், வரிசையிலை ஒழுங்கா நிக்கினம். உது சொர்க்கத்துக்கு எழுதின திட்டமோ? நல்லது நடக்கிறதை ஆரும் எழுதுவினம் அண்ணை. நடக்கக் கூடாததை எழுதுங்கோ."

நான் கோபித்துக்கொண்டு போய் இரண்டாவது திட்டம் எழுதினேன். கோபத்தில் எழுதியதால் அதில் நடக்கக் கூடாதவை மட்டுமே நடந்தன. தொள்ளாயிரம் வயது உறுப்பினர். இன்னும் பிறக்காத உறுப்பினர். நானூறு வள்ளம் வைத்திருப்பவர். பெயர் கேட்ட இடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை நான்கு தடவை தட்டிவிட்டு எழும்பிப் போகிறவர். 'என்ன வரவேணும்' என்ற நிரலில், "கொம்பியூட்டர் பணிவுடன் மறுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

"பணிவை எப்பிடி அண்ணை அளக்கிறது?" என்று பிள்ளை கேட்டார்.

"வாசிச்சால் தெரியும்தானே."

"உங்களுக்குத் தெரியும். அளந்து பாக்கேலாததை எழுதினால், வந்ததும் சரி எண்டுதான் சொல்லுவீங்கள். இன்ன சொல்லு வரவேணும் எண்டு எழுதுங்கோ."

மூன்றாவது திட்டம் நான்கு தாள். இருபத்திரண்டு வரி. இரண்டு பிரதி எடுக்கும்படி கார்பன் வைத்து நானே தட்டச்சுச் செய்தேன். ஒரு எழுத்துக்கூட வெட்டவில்லை, திருத்தவில்லை. கோடுகள் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியவை. பிள்ளை வாசித்துவிட்டு, "இதுதான் அண்ணை திட்டம்" என்றார். என் கலியாணக் கடிதத்தைக்கூட நான் அத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில், நகருக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சைக்கிளில் வந்து கவுண்டரில் நிற்பார். உறுப்பினர் இலக்கம் நாற்பத்தொன்று. அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கரைக்கடலில் கோல் ஊன்றி ஊன்றி வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. வள்ளத்தில் அவரோடு மனைவியின் தம்பியும் போவார். எஞ்சின் வரிசையில் அவர் ஒன்பதாவது. அடுத்த தொகுதியில் பன்னிரண்டு எஞ்சின் வருவதாகக் கதை.

"கிளாக்கர் ஐயா, உங்கடை பெட்டியிட்டை ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ. எஞ்சின் முந்துமோ, நான் முந்துவனோ?" என்பார்.

"சீ! வாயைக் கழுவு" என்று தலைமை இலிகிதர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

சோதனை செய்து முடிக்க வேண்டிய நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பின்னேர மெயில் ரயிலில் பிள்ளை கொழும்புக்குத் திரும்ப வேண்டும். என் கையெழுத்து வைத்த திட்டத்தையும் கொண்டுபோக வேண்டும். மத்தியானத்துக்குள் பதினாறு வரி முடித்துவிட்டேன். பதினாறாவது, ஒருவர் சங்கத்திலிருந்து விலகுவது. விலகியவரின் பெயர் வரிசையிலிருந்து போய், பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வர வேண்டும். வந்தார்கள். சரி போட்டேன்.

பதினேழாவது, உறுப்பினர் இறப்பது. எங்கள் சங்கத்தில் சேரும்போதே, தனக்குப் பிறகு தன் இடம் யாருக்கு என்று ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆளைப் பின்னுரித்தாளர் என்போம். உறுப்பினர் இறந்தால், வரிசையில் அவர் நின்ற அதே இடத்தில் பின்னுரித்தாளரின் பெயர் வர வேண்டும். இதைச் சோதிக்க, ஒருவருடைய இலக்கத்தைத் தட்டி, அதன் எதிரே இறந்தார் என்று காட்டும் ஓர் எழுத்தைத் தட்ட வேண்டும். கொம்பியூட்டருக்குள் இருந்ததோ சங்கத்தின் உண்மையான பதிவேடு. இருநூறு பேரும் உயிரோடு இருப்பவர்கள்.

"ஒராளைச் சாகடியுங்கோ அண்ணை. பிறகு அழிச்சு விடலாம்" என்றார் பிள்ளை.

தலைமை இலிகிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உயிரோடை இருக்கிற மனிசனைச் செத்தவன் எண்டு எழுதுறதோ? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஆரைத் தம்பி எழுதப் போறாய்? உன்ரை வீட்டிலை ஆரையாவது எழுதன் பாப்பம்!"

"கற்பனைப் பேர் ஒண்டு போடலாம் ஐயா" என்றேன்.

"எந்தப் பேரைப் போட்டாலும் உந்தக் கரையிலை அந்தப் பேரிலை ஒருத்தன் இருப்பான். அவன்ரை பாவம் உனக்கு."

நான் உரக்கச் சிரித்தேன். கிரகணத்தன்று சாப்பிட்டுக் காட்டுகிறவன் நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுப் போகிறவன். இந்த மூடநம்பிக்கைகளைப் பற்றிக் கந்தோரில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். கவுண்டரில் நின்ற நாற்பத்தொன்றும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசங்கம் முடிந்ததும் அவர் கையைத் தூக்கினார், தோள் விட்ட அளவுக்கு.

"கிளாக்கர் ஐயா, என்னைச் சாகடியுங்கோ."

"பேசாமல் இரு!" என்றார் தலைமை இலிகிதர்.

"ஏன் ஐயா? கடல் ஒவ்வொரு நாளும் என்னைச் சோதிச்சுப் பாக்குது. உந்தப் பெட்டியும் ஒருக்கால் பாக்கட்டுமன். நான் போனாப் பிறகு என்ரை மனிசிக்கு எஞ்சின் குடுக்குமோ எண்டு எனக்கும் தெரிய வேணும்தானே."

பிள்ளை கை தட்டினார். "இவர்தான் சோதனைக்காரர்!"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நாலு, ஒன்று என்று தட்டினேன். அவருடைய பெயர் திரையில் பச்சை எழுத்தில் வந்தது. கீழே அவருடைய மனைவியின் பெயர். இன்னும் ஓர் எழுத்துத் தட்ட வேண்டும். என் விரல் அந்த எழுத்துக்கு மேலே நின்றது, நின்றுகொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே அவர் யாரோடோ சிரித்துக் கதைப்பது கேட்டது. பிரசங்கம் செய்தவனின் சேட்டு, குளிர் அறைக்குள்ளும் வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது.

வீட்டைவிட்டுப் புறப்படும்போது 'போறன்' என்று சொல்லாமல் 'போட்டு வாறன்' என்று சொல்லி வளர்ந்தவன் நான். பட்டம் அதற்கு மேலே பூசிய சுண்ணாம்பு. ஓர் எழுத்து, சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது.

பிறகு என் கணித மூளை எனக்கு உதவிக்கு வந்தது. விலகினாலும் இறந்தாலும் ஒருவர் வரிசையிலிருந்து போவதுதானே? பதினாறாம் வரி சரியென்றால் பதினேழாம் வரியும் சரியாகத்தான் இருக்க வேண்டும். இதை நான் எனக்கே நிறுவிக் காட்டினேன். அவருடைய பெயரைத் திரையிலிருந்து போகவிட்டேன். 'என்ன வந்தது' என்ற நிரலில், 'எதிர்பார்த்தபடி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி போட்டேன். அந்த இருபத்திரண்டு சரிகளிலும் அதுதான் மிக அழகாக விழுந்தது.

வெளியே வந்தேன். நாற்பத்தொன்று கேட்டார்: "என்ன ஐயா, மனிசிக்குக் குடுத்துதோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப நிம்மதியாப் போகலாம்" என்று சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலையில், சைக்கிளில் சந்தைக்குப் போகும்போது, எனக்கு ஒன்று பொறி தட்டியது. 'ஏ' என்ற எழுத்தை நான்கு தடவை தட்டி நானே உருவாக்கிய ஆள் ஒருவர் இருந்தார். உலகத்தில் எந்தக் கரையிலும் இல்லாதவர். அவருக்கு ஒரு பின்னுரித்தாளரைக் கொடுத்து அவரைச் சாகடித்திருக்கலாம். ஒருவருக்கும் பாவம் வந்திராது. திங்கட்கிழமை போய்ச் செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் பிழை என்று வந்துவிட்டால், கையெழுத்து வைத்துக் கொழும்புக்குப் போன அந்த நான்கு தாளில் ஒரு சரியை வெட்ட வேண்டும். நான் வெட்டாமல் தட்டிய தாள்கள் அவை. பயத்தால் பொய் எழுதியது வெள்ளிக்கிழமை. வடிவான கடதாசிக்காக அதை விட்டுவைத்தது அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலை, கொழும்புத்துறைக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த நாற்பத்தொன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாராம். எழும்பவில்லை. மரணப் பத்திரம் கந்தோருக்கு வந்தது. நாலு, ஒன்று, பிறகு அந்த எழுத்து. இம்முறை விரல் மேலே நின்றுகொண்டிருக்கவில்லை. உண்மையை எழுதுவதற்குச் சகுனம் தடையில்லை.

எஞ்சின்களும் வந்தன. பன்னிரண்டு. கொம்பியூட்டர் அச்சடித்த பட்டியலை, ஓரத்தில் துளைகள் உள்ள அந்த நீளக் கடதாசியை, நானே விளம்பரப் பலகையில் ஒட்டினேன். வாசித்துப் பார்க்கவில்லை. கொம்பியூட்டர் வந்தபிறகு வாசித்துப் பார்ப்பது அவமரியாதை என்று எண்ணியிருந்தேன்.

கொடுக்கிற நாளில் அவருடைய மனைவி தம்பியோடு வந்தார். தம்பியின் தோளில் கயிறும் இரண்டு சாக்கும். எஞ்சினைக் கட்டிக்கொண்டு போவதற்கு.

"ஐயா, எங்கடை பேர் வரேல்லையாம்."

"வந்திருக்கும். வடிவாப் பாத்தனீங்களோ?"

"தம்பி மூண்டு தரம் வாசிச்சிட்டான். ஒன்பதாவதிலை வேறை ஆற்றையோ பேர் கிடக்குது."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கொம்பியூட்டர் பிழை விடாது, அம்மா."

தம்பிக்காரன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத்தான் சொன்னவர், நீங்கள் அவரைப் பெட்டியிலை சாகடிச்சுப் பாத்தனீங்களாம். அக்காவின்ரை பேர் வந்ததாம். அவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்."

உள்ளே போய்ப் பார்த்தேன். இறந்தவரை அது விலகியவரைப்போலவே துடைத்துவிட்டிருந்தது. பின்னுரித்தாளரை அந்த இடத்தில் வைக்கும் பகுதி எழுதப்படவே இல்லை. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரு படி முன்னுக்கு வந்திருந்தார்கள். பதின்மூன்றாவதாக நின்றவர் பன்னிரண்டாவதாகி, அதற்குள் எஞ்சினை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் நிறுவல் பிழை என்று ஒரு பெட்டி நிறுவிக்காட்டியது.

முகாமையாளர் திட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். பதினேழாம் வரியில் விரலை வைத்தார். "இதைச் சோதிச்சனீங்களோ?"

"ஓம் சேர். அப்ப சரியாத்தான் வந்தது."

அவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, ரிசீவரை என்னிடமே தந்தார். பிள்ளையின் குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணை, உந்தப் பகுதியைக் கடைசியா எழுத விட்டு நான் மறந்திருக்கலாம். ஆனா அப்பிடியெண்டால் பதினேழாவதிலை பிடிபட்டிருக்குமே. நீங்கள் அதைத் தட்டிப் பாத்தனீங்கள்தானே?"

முகாமையாளர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். வாசலில் அந்தப் பெண் நின்றார்.

"ஓம் தம்பி" என்றேன்.

பிள்ளை அந்தப் பக்கத்தில் கடதாசி புரட்டுவது கேட்டது. "அப்ப நான்தான் பிறகு என்னத்தையோ மாத்திக் கெடுத்திருக்கிறன். என்ரை பிழைதான். அந்த அம்மாவிட்டை மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த தடவை கொழும்பிலிருந்து வேறொருவர் வந்தார்.

நாற்பத்தொன்றின் மனைவிக்கு, அடுத்த தொகுதியில் முதலாவது எஞ்சின் என்று முகாமையாளர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் நானே தட்டச்சுச் செய்தேன். அதிலும் ஒரு வெட்டு இல்லை. அடுத்த தொகுதி வரவேயில்லை. அதற்குள் கலவரமும் போருமாகக் காலம் கெட்டுவிட்டது. வள்ளம் விற்கப்பட்டது. வாங்கியவர் அந்தப் பன்னிரண்டாவது ஆள்தான். தம்பிக்காரன் அவரிடமே கூலிக்குப் போனார்; தங்களுக்கு வந்திருக்க வேண்டிய எஞ்சினின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்து வலை இழுத்தார்.

ஒரு நாள் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்துக் கொழும்புத்துறைக்குச் சைக்கிளில் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். படலையில் நின்று சைக்கிள் மணியடித்ததும் அந்த அம்மா வெளியே வந்தார்.

"கொம்பியூட்டர் ஐயாவோ! இருங்கோ, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

"அம்மா, அந்த எஞ்சின் விசயம்..."

"அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது ஐயா? நீங்கள் அவரிலை எவ்வளவு பட்சம். கந்தோரிலை தன்னோடை சிரிச்சுக் கதைக்கிறது நீங்கள் ஒராள்தான் எண்டு சொல்லுவர். கொழும்பிலை இருக்கிறவன் விட்ட பிழைக்கு நீங்கள் ஏன் மனவருத்தப்படுறியள்?"

உள்ளே போனவர் தாமரை இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு வந்தார். தம்பிக்கு அன்று பங்காகக் கிடைத்த மீன். நான் சைவம் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நாளில் நான் கைலேஞ்சி பிடித்ததற்கு வேறேதோ காரணம் நினைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பாடமாக்கி வந்ததும் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன்.

"போட்டு வாறன் அம்மா" என்றேன். அது ஒன்றுதான் தடங்கலின்றி வந்தது.

பொட்டலத்தைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பினேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. யாருக்காவது கொடுத்தால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். பாதி வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஒழுங்கையில், அதை அவிழ்த்து நாய்களுக்குப் போட்டேன். நாலு பாரைக்குட்டி. நாய்கள் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டா: "என்ன இது, சைக்கிள் மீன் மணக்குது?"

"கந்தோர் வேலை" என்றேன்.

அவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கைபிடியை மஞ்சள் போட்டுக் கழுவினா. நான் பக்கத்தில் நின்று, மணம் போய்விட்டதா என்று அவ கேட்டபோது, முகர்ந்து பார்க்காமலே, "ஓம்" என்றேன்.